நடுறோட்டில் ஒரு கலியாணப் பந்தி

அந்த ஆனி மாதம் பாரிசில் எறித்த வெயிலை உள்ளபடி சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்று தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பல் பகுதிக்காரர்கள் எப்போதும் கொஞ்சம் குறைத்துத்தான் சொல்வார்கள். வெண்ணெய் வாங்கப் போனவர்கள் நெய்யோடு வீடு திரும்பினார்கள். மெட்ரோப் பாலத்தடிப் புறாக்கள் பறப்பதற்குப் பஞ்சிப்பட்டு நடந்து திரிந்தன. தார் சுட்டபடியால், தெருவைக் கடக்கும்போது கடவையின் வெள்ளைக் கோடுகளில் மட்டும் கால் வைத்தன. பச்சை விளக்கு விழும்வரை அவை காத்து நின்றதாகவும் ஒரு கதை உண்டு. அது மிகை. எல்லாப் புறாக்களும் நிற்கவில்லை.

ரூ லூயி-பிளாங் தெருவில் ஏழாம் மாடியில், துத்தநாகத் தகட்டுக் கூரைக்கு நேர்கீழே குடியிருந்தான் ஐங்கரன். அவன் தகட்டின்மேல் அப்பளத்தைக் காயவைத்துவிட்டுத் திரும்பினான். அது பொரிந்து கிடந்தது. எண்ணெய் இல்லாமல் பொரிந்ததால் உடம்புக்கு நல்லது என்று அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தான்.

ஐங்கரன் வான் சாரதியாக வேலை செய்தது குணரத்தினத்திடம். குணரத்தினம் கலியாணச் சமையற்காரர். அதே தெருவில் ஒரு நிலவறைதான் அவருடைய சமையலறை. அறுபதைத் தாண்டிய மனிதர், உயரம் குறைவு, குரல் கூட. அவருக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று, பிரான்சுக்கு வந்து சட்டி வைத்த நாள் முதல் ஒரு பந்திக்கும் அவர் பிந்திப் போனதில்லை. மற்றது, அவர் பரிமாறும் பந்தியில் இருந்தவனை யாரும் எழுப்ப முடியாது.

இந்த இரண்டாவதற்கு ஒரு வரலாறு உண்டு. முந்தி ஒரு கலியாணத்தில் சங்கத் தலைவர் ஒருவர் பிந்தி வந்தார். அவருக்கு இடம் கொடுக்க, இலைக்கு முன்னால் இருந்த பஸ் சாரதி ஒருவரை யாரோ தோளில் தட்டி எழுப்பிவிட்டார்கள். குணரத்தினம் அகப்பையைக் கிடாரத்துக்குள் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். மண்டபம் முழுக்கச் சனம் வெறும் சோற்றைப் பார்த்தபடி இருந்தது. கடைசியில் தலைவரே அந்தச் சாரதியின் கையைப் பிடித்துக் கொண்டுவந்து இருத்திவிட்டு, தான் போய் அடுத்த பந்திக்கு நின்றார். அதற்குப் பிறகுதான் அகப்பை அசைந்தது.

பெருமை இல்லாத விஷயமும் ஒன்று இருந்தது. அது அவருடைய பிரெஞ்சு. அரசாங்கக் கந்தோர்களில் யார் எதைக் கேட்டாலும் அவர் பிரெஞ்சில் ஒரே பதிலைச் சொல்வார்: தெரியாது, முசியே, அதாவது தெரியாது, ஐயா. வண்டியை இங்கே நிறுத்தக்கூடாது என்று தெரியாதா? தெரியாது, முசியே. குப்பையைப் பிரித்துப் போடவேண்டும் என்று தெரியாதா? தெரியாது, முசியே. தெரிந்ததையும் தெரியாது என்று சொன்னபடியால்தான் தன் வாழ்க்கை சிக்கலில்லாமல் போகிறது என்பது அவருடைய கணிப்பு.

அந்த வெயிலில் ஒரு சனிக்கிழமை. பாரிசின் புறநகரான பொண்டியில் பிரசாந்தனின் மகள் தாட்சாயினிக்குக் கலியாணம். மண்டபக்காரன் தன்னுடைய ஆட்களின் சாப்பாட்டைத்தான் எடுக்கவேண்டும் என்று நெருக்கியபோது, பிரசாந்தன் சண்டை பிடித்துக் குணரத்தினத்தை வைத்தவர். "குணா அண்ணை பிந்தமாட்டார், அதுக்கு நான் பொறுப்பு" என்று மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் சொல்லியும் இருந்தார். ஒரு மணிக்குப் பந்தி. நானூறு பேருக்குச் சமைக்கச் சொன்னால் குணரத்தினம் ஐந்நூறு பேருக்குச் சமைப்பார். கிடாரங்களையும் வாழையிலைக் கட்டுகளையும் ஏற்றிக்கொண்டு வான் பத்தரைக்கே புறப்பட்டுவிட்டது.

புறப்பட்ட வான் மெட்ரோப் பாலத்தடியில் நின்றது. முன்னால் போன கார் கடைசியாகத் தப்பிப் போக, வானுக்கு முன்னால் செம்மஞ்சள் மேலங்கி போட்ட இருபது பேரளவில் வந்து, தெருவின் அகலத்துக்கு இரண்டு வரிசையாக நிலத்தில் இருந்துகொண்டார்கள். பின்னால் கார்கள் வந்து அடைத்துவிட்டன. முன்னுக்கும் போக ஏலாது, பின்னுக்கும் போக ஏலாது.

குணரத்தினம் அவர்களை ஒரு தரம் பார்த்தார். அவர்கள் பிடித்திருந்த பதாகையைப் பார்த்தார். அது பிரெஞ்சில் இருந்தது. அவர் வளர்ந்த இடத்தில், ஒரு கோரிக்கைக்காகத் தெருவில் வரிசையாக இருந்தவர்கள் எல்லாரும் பட்டினி கிடந்தவர்கள். வேறு விதமாக இருப்பார்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"ஐங்கரன், கண்ணாடியை ஏத்து."

"அண்ணை, உள்ளுக்கை அவியுது."

"உண்ணாவிரதம் இருக்கிற சனத்துக்கு முன்னாலை கத்தரிக்காய்க் குழம்பை மணக்கவிடுறதோ? பாவமடா. ஏத்து."

கண்ணாடி ஏறியது. வானுக்குள் இருவரும் இடியப்பம்போல அவிந்தார்கள். அவிந்தபடியே குணரத்தினம் யோசித்தார். உண்ணாவிரதத்தை முடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. மதிப்பான ஒருவர் வந்து பழச்சாறு கொடுக்கவேண்டும். கொடுத்தால் குடிப்பார்கள், குடித்தால் எழும்புவார்கள், எழும்பினால் வான் போகும். இங்கே மதிப்பான ஆள் யார் என்று சுற்றிப் பார்த்தார். பின்னால் நின்ற லொறிக்காரன் ஹோர்னில் கையை வைத்துக்கொண்டு தூஷணம் பேசிக்கொண்டிருந்தான். மற்றவர்கள் அவனைவிட மோசம். குணரத்தினம் கலியாணத்துக்கென்று மடித்து வைத்திருந்த சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, முக்குக் கடையில் தோடம்பழச் சாறு ஒரு பெட்டியும் கடதாசிக் குவளைகளும் வாங்கிக்கொண்டு போனார்.

முன்வரிசையின் நடுவில் இருந்த ஆளைக் கண்டதும் குணரத்தினம் நின்றுவிட்டார். அது லூசியன்.

லூசியன் புதுச்சேரிக்காரர். பிரெஞ்சு அரசாங்கக் கந்தோர் ஒன்றில், பொதுமக்களின் முறைப்பாடுகளுக்குப் பதில் எழுதும் பகுதியில் இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வெயிலிலும் கழுத்தில் டை. ஒரு முறை காற்று அவருடைய தொப்பியைத் தெருவுக்கு அடித்துக்கொண்டு போனது. சிவப்பு விளக்கு. அவர் நின்றார். தொப்பிக்கு மேலால் ஒரு பஸ் போனது. பிறகு ஒரு குப்பை லொறி போனது. பச்சை விழுந்த பிறகு நிதானமாக நடந்து போய், தோசைபோலக் கிடந்ததை எடுத்துத் தட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். நடைபாதையில் மரக்கறிப் பெட்டி வைத்த கடைக்காரர்களுக்கு எல்லாம் அவர் சட்டப்பிரிவு எண்ணோடு புத்தி சொல்வார். அதனால் யாழ்ப்பாணத்துக் கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'சட்டம்'. "சட்டம் வருது, பெட்டியை உள்ளுக்கு எடு" என்று கடைக்குக் கடை செய்தி பறக்கும். வியாழக்கிழமைகளில் குணரத்தினத்திடம் வடை வாங்குவார், பற்றுச்சீட்டும் கேட்பார்.

அந்தச் சட்டம் இப்போது நடுறோட்டில், டைக்கு மேல் செம்மஞ்சள் மேலங்கியோடு சப்பாணி கட்டிக்கொண்டு இருந்தது.

குணரத்தினம் சால்வையைச் சரிசெய்தார். பெரிய காரியம் செய்யும்போது பேசக்கூடாது. இரண்டு கையாலும் குவளையை நீட்டினார். லூசியன் வாங்கி, ஒரே மூச்சில் குடித்து, கைக்குட்டையால் வாயைத் துடைத்தார். "மெர்சி குணா. ரொம்பத் தாகமா இருந்துச்சு" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் கை நீட்டினார்கள். பெட்டி முடிந்தது. செசில் என்ற பெண் மட்டும், சீனி போடாதது இருக்கிறதா என்று கேட்டாள்.

யாரும் எழும்பவில்லை.

விரதம் முடிந்துவிட்டதே, இனி எழும்பலாம்தானே என்று குணரத்தினம் மரியாதையாக விசாரித்தார். எந்த விரதம் என்று லூசியன் கேட்டார். அப்போதுதான் விஷயம் வெளித்தது. அவசரத்தில் யாரும் காலையில் சாப்பிடவில்லை, அவ்வளவுதான். அதற்குப் பெயர் விரதம் இல்லை. அவர்கள் இருந்தது தெருவை மறிப்பதற்கு. புவி சூடாகிக்கொண்டே போகிறது, எண்ணெயும் கரியும் எரிப்பதை நிறுத்துவோம் என்று சொன்னவர்கள் நிறுத்தவில்லை, அதற்காக.

"அப்ப வீணா எங்களை அவியவைச்சிட்டியள்" என்றார் குணரத்தினம். திரும்பி, "ஐங்கரன், கண்ணாடியை இறக்கு" என்று கத்தினார்.

கண்ணாடி இறங்கியது. கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பும் வடையும் ஒன்றாகச் சேர்ந்து மணந்தன. முன்வரிசை முழுவதும் தலையைத் திருப்பியது.

கைபேசி அடித்தது. பிரசாந்தன். எங்கே நிற்கிறீர்கள் என்று கேட்டார். கிட்டடியில் என்றார் குணரத்தினம். அது பொய்யில்லை, சமையலறைக்குக் கிட்டடியில்தான் நின்றார்.

கைபேசியைப் பைக்குள் போட்டுவிட்டு லூசியனுக்கு முன்னால் குந்தினார். பொண்டியில் ஒரு தகப்பன் தன்னை நம்பி வாக்குக் கொடுத்திருப்பதைச் சொன்னார். ஒரு மணிக்கு இலை போடாவிட்டால் அந்த மனிதன் சம்பந்திகளுக்கு முன்னால் தலை குனியவேண்டும், தானும் இனி அகப்பை தூக்க ஏலாது என்றார். லூசியன் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு மற்றவர்களிடம் பிரெஞ்சில் எடுத்துச் சொன்னார். அம்புலன்ஸ் வந்தால் வழி விடுவது அவர்களுடைய விதி. கலியாணச் சாப்பாட்டுக்கு விடலாமா என்பதை வாக்கெடுப்பில் தீர்மானிப்பதாயிற்று. ஆமென்றால் கையை மேலே தூக்கி விரல்களை ஆட்டவேண்டும், இல்லையென்றால் கீழே ஆட்டவேண்டும். இருபது பேரும் வருத்தத்தோடு கீழே ஆட்டினார்கள். செசில் ஒரு கையால் மட்டும் ஆட்டினாள். மற்றக் கையை அவள் தெருவோடு பசை போட்டு ஒட்டியிருந்தாள்.

"உமக்கு என்ன விசரே, லூசியன் ஐயா?" என்றார் குணரத்தினம். "பெட்டி ஒரு சாண் வெளியிலை நிண்டால் சட்டம் பேசுற மனிசன் நீர். இண்டைக்கு உம்மடை சட்டம் எங்கை?"

லூசியன் டையைச் சரிசெய்தார். "சட்டம் எங்கேயும் போகல. நான்தான் அதுமேல உக்காந்திருக்கேன்" என்றார். பிறகு பக்கத்தில் மடிப்புக் கதிரையில் இருந்த கிழவியைக் காட்டினார். முழங்கால் மடங்காதபடியால் அவள் ஒருத்திதான் கதிரையில் இருந்தாள். "இவங்க ஜிஸ்லேன் அம்மா. எங்க வீட்டு மேல, கூரைத் தகட்டுக்குக் கீழ இருக்கிறவங்க. போன வருஷம் வெயில்ல ஒரு நாள் கதவத் தட்டுறேன், பதில் இல்ல. கட்டட ஆபீசுக்கு போன் பண்ணா, லெட்டர் போடுங்கன்னாங்க. நான் யாரு குணா? அந்த லெட்டருக்கெல்லாம் பதில் எழுதின ஆளு. 'தங்கள் கடிதம் கிடைத்தது, கவனத்தில் கொள்ளப்பட்டது.' ஆயுசு பூரா அதத்தான் எழுதினேன். கவனத்துல கொண்டா என்ன நடக்கும்னு என்னைவிட யாருக்குத் தெரியும்?"

"பேந்து என்ன செய்தீர்?"

"கதவ உடைச்சேன்."

சட்டம் கதவை உடைத்ததைக் கற்பனை செய்து பார்க்கக் குணரத்தினத்துக்குச் சற்று நேரம் எடுத்தது. முதலில் அழைப்பு மணி அடித்திருப்பார். பிறகு கதவிடம் மன்னிப்புக் கேட்டிருப்பார்.

"அடுத்தவங்க கதவு. குத்தம்தான். உள்ள இவங்க தரையில மயங்கிக் கெடந்தாங்க. யாராவது என்ன ஏன்டா உடைச்சேன்னு கேட்டாங்களா? இல்ல. இப்பவும் அதே கததான். எழுதிப் பாத்தாச்சு, ஊர்வலம் போயாச்சு, ஓட்டும் போட்டாச்சு. பதில் வந்துச்சு, கவனத்தில் கொள்ளப்பட்டதுன்னு. உள்ள ஆளு கெடக்கும்போது எத்தன நாள் தட்டிக்கிட்டு நிப்பே? அன்னிக்குக் கதவு. இன்னிக்கு ரோடு."

ஜிஸ்லேனுக்குத் தமிழ் தெரியாது. தன்னுடைய கதவைப் பற்றித்தான் பேச்சு என்று விளங்கி, பெருமையாகத் தலையாட்டினாள்.

"அதுக்கு என்ரை வானே கிடைச்சுது?"

"உங்க வான்னு பாத்ததும் எனக்கு எழுந்து வழிவிடணும்னுதான் தோணுச்சு. ஆனா யாருக்கும் அவசரம் இல்லாத எடத்துல உக்காந்தா யாரு திரும்பிப் பாப்பா? பின்னாடி நிக்கிற ஒவ்வொருத்தருக்கும் ஒரு கல்யாணம் இருக்கு குணா."

பொலிஸ் பிடித்தால் என்ன சொல்வதாக உத்தேசம் என்று குணரத்தினம் கேட்டார். தெரியாது, முசியே என்ற தன்னுடைய வசனத்தைக் கடன் கொடுக்கவும் தயாராக இருந்தார். லூசியன் சிரித்தார். "அதுதான் வித்தியாசம். திருடன் மறைஞ்சு செய்வான், புடிச்சா தெரியாதும்பான். நாங்க மொகத்த மூடல. தப்புன்னு தெரியும், தெரிஞ்சேதான் செய்யறோம். பேரு கேட்டா பேரு சொல்வோம். தண்டன குடுத்தா வாங்கிக்குவோம்."

கந்தோரில் போய்த் தெரியும் என்று சொல்வதா? குணரத்தினத்துக்கு அது தெருவில் இருப்பதைவிடப் பெரிய துணிச்சலாகப் பட்டது.

பன்னிரண்டு மணியை நெருங்கும்போது பொலிஸ் வந்தது. பொறுப்பாக வந்தவர் தியரி என்ற பருத்த அதிகாரி. முகத்தில் கோபத்தைவிடப் பசிதான் அதிகம் தெரிந்தது. ஒலிபெருக்கியில் மூன்று தரம் எச்சரித்துவிட்டுத்தான் தூக்கவேண்டும் என்பது முறை. முதல் எச்சரிக்கை முடிந்தது. ஒருவரும் அசையவில்லை. இரண்டாவதும் முடிந்தது. நான்கு பொலிஸ்காரர் வந்து லூசியனுக்கு இரண்டு பக்கமும் நின்று, எங்கே பிடித்துத் தூக்குவது என்று பார்த்தார்கள். ஒருவன் குனிந்து அவருடைய தோளைத் தட்டினான்.

வான் கதவில் சாய்ந்து நின்ற குணரத்தினம் அந்தத் தட்டலைப் பார்த்தார். சொல்லப்போனால் அவருக்கு மகிழ்ச்சிதான் வந்திருக்கவேண்டும். தூக்கினால் வழி திறக்கும். ஆனால் அவர் கண்ணுக்குத் தெரிந்தது வேறு. நிலத்தில் வரிசையாகச் சனம் இருக்கிறது. காலையில் இருந்து சாப்பிடவில்லை. இருந்தவனை ஒருத்தன் தோளில் தட்டி எழுப்பப் பார்க்கிறான்.

"ஐங்கரன், இலையை எடு" என்றார்.

"அண்ணை, கலியாணத்து இலை."

"நூறு இலை கூடக் கிடக்கு. எடடா."

மூன்றாவது எச்சரிக்கைக்குத் தியரி ஒலிபெருக்கியைத் தூக்கிய நேரம், முன்வரிசைக்கு முன்னால் தலைவாழையிலைகள் சரசரவென்று விரிந்தன. ஐங்கரன் தண்ணீர் தெளித்துக்கொண்டு போனான். பின்னால் குணரத்தினம் உப்பு வைத்தார், வடை வைத்தார், பயத்தங்காய் வைத்தார், உருளைக்கிழங்குப் பிரட்டல் வைத்தார். சோறு போட்டு, பருப்பு விட்டு, நெய் விட்டார். தியரி ஒலிபெருக்கியைக் கீழே இறக்கி, என்ன நடக்கிறது என்று கேட்டார். சாப்பாடு என்றான் ஐங்கரன்.

குணரத்தினம் தன்னுடைய பழக்கத்துக்குத்தான் இலை போட்டார். ஆனால் தியரி பிரெஞ்சுக்காரர். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சாப்பாட்டுக்கு முன்னால் இருக்கும் மனிதனை இடையில் எழுப்புவது என்பது அவர் பிறந்த ஊரில், பூசை நடக்கும்போது கோயில் விளக்கை ஊதி அணைப்பதற்குச் சமம். தன்னுடைய ஆட்களைப் பார்த்தார். அவர்களும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். சரி, முடியட்டும் என்றார்.

அது முடிவது எப்போது என்று அவர் முதலிலேயே கேட்டிருக்கவேண்டும். பருப்புக்குப் பிறகு கத்தரிக்காய்க் குழம்பு வந்தது. பிறகு மாங்காய்ப் பச்சடி, அப்பளம், மோர்மிளகாய். இதுதானே கடைசி என்று தியரி கேட்டதற்கு, இவ்வளவும் முன்னுணவுதான் என்று ஐங்கரன் விளக்கினான். பிறகு மறுசோறு. தயிர் வந்தபோது அதிகாரி பொறுமை இழந்தார். இது எங்களுடைய பாலாடைக்கட்டி என்றான் ஐங்கரன். பாலாடைக்கட்டிக்கும் இனிப்புக்கும் நடுவில் ஒருவரை எழுப்பிய பிரெஞ்சுக்காரன் சரித்திரத்தில் இல்லை. தியரி பெருமூச்சு விட்டார். கடமையில் இருக்கும்போது சாப்பிடக்கூடாது என்றார். வடை சாப்பாடு இல்லை என்றார் குணரத்தினம். நான்கு பொலிஸ்காரரும் வடையோடு நின்றார்கள். பின்னால் நின்ற லொறிக்காரன் ஹோர்னை விட்டுவிட்டு வந்து, இரண்டாம் வரிசையின் ஓரத்தில் இடம் கேட்டு இருந்தான்.

சிக்கல் செசிலிடம்தான் வந்தது. அவள் தெருவோடு ஒட்டியிருந்தது வலக்கையை. இடக்கையை இலைக்குக் கொண்டுபோனாள். குணரத்தினம் அகப்பையால் மறித்தார். "அந்தக் கையாலை கூடாது, பிள்ளை. அடுத்த முறை இடக்கையை ஒட்டும்" என்றார். லூசியன் அதை மொழிபெயர்த்தார். கூட்டத்தில் மிகவும் முக்கியமான யோசனை இதுதான் என்று இருபது பேரும் விரல்களை மேலே ஆட்டினார்கள். ஜிஸ்லேன் கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டு அவளுக்கு ஊட்டிவிட்டாள். அப்போதுதான் ஐங்கரன் கொண்டுவந்த இரசம் தளம்பி செசிலின் ஒட்டிய கைமேல் ஊற்றுண்டது. குணரத்தினத்தின் இரசத்தில் மிளகும் புளியும் எவ்வளவு என்பது அவருக்கே தெரியாது. பசை ஒரு பொருமல் பொருமிவிட்டுத் தானாகக் கழன்றது. தியரி, பசை கழற்றவென்று கொண்டுவந்த மருந்துப் போத்தலைத் திரும்பப் பைக்குள் வைத்தார். அந்த இரசம் எங்கே வாங்கலாம் என்று பொலிஸ் பகுதியில் இருந்து பிறகு விசாரித்தார்கள் என்று கேள்வி.

பாயாசம் ஊற்றும்போது பிரசாந்தன் மறுபடி எடுத்தார். தாலி கட்டப் போகிறார்கள் என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் குணரத்தினத்துக்குப் பயமாக இருந்தது. பின்னால் மட்டுமல்ல, மறியலைச் சுற்றிப் போக வந்த வாகனங்களால் முன்சந்தியும் அடைபட்டுக் கிடந்தது. வாகன வரிசையின் மறுமுனை எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அது பெல்ஜியத்துக்குள் போய்விட்டதாக லொறிக்காரன் சொன்னான். இனி வழி திறந்தாலும் வான் ஒரு மணிக்குப் பொண்டி போகாது. அகப்பையைப் பிடித்தபடியே நின்றார்.  யாரையும் திட்ட வரவில்லை. பந்தி வைத்தது அவரேதான்.

லூசியன் இலையை மடித்தார். எதிர்ப்பக்கமாக அல்ல, தன்பக்கமாக. சாப்பாடு திருப்தி என்று அர்த்தம். பிறகு இருபது பேரிடமும் பிரெஞ்சில் நீளமாகப் பேசினார். கலியாணப் பந்தியில் கை நனைத்தவன் கலியாண வீட்டுக்காரன், வீட்டு வேலையில் அவனுக்கும் பங்கு உண்டு என்பது அதன் சாரம். வழக்கமாகப் பொலிஸ் வந்த கையோடு தூக்கி எறியப்படுகிறவர்கள் இன்றைக்கு இவ்வளவு நேரம் இருந்தது யாரால் என்றும் கேட்டார். செசில் எழும்பினாள், இரசம் மணக்கும் கையை மேலே தூக்கி விரல்களை ஆட்டினாள். எல்லாரும் எழும்பினார்கள். தூக்குவதற்காக வந்த பொலிசுக்குத் தூக்க ஒருவரும் மிஞ்சவில்லை. பெயர்களை மட்டும் எழுதினார்கள். ஒளிக்காமல் எல்லாரும் சொன்னார்கள்.

"மஜந்தா ஸ்டேஷன் பத்து நிமிஷம்" என்றார் லூசியன். "அங்கேர்ந்து ஆர்.இ.ஆர். ரயில் நேரா பொண்டி. தூக்குங்க."

"கிடாரத்தை ரயிலிலை ஏத்தலாமோ?"

லூசியன் ஒரு கணம் யோசித்தார். "கையில தூக்கிட்டுப் போறது எல்லாம் கைப்பொதி. தடையில்ல" என்றார். அதைச் சொல்லும்போது அவர் பழைய லூசியனாக இருந்தார்.

அன்று மத்தியானம் ஃபோபூர் சென்-தெனித் தெரு வழியாக ஓர் ஊர்வலம் போனது. முன்னால் சால்வையோடு குணரத்தினம், பின்னால் செம்மஞ்சள் மேலங்கியில் இருவருக்கு ஒரு கிடாரமாகத் தூக்கிக்கொண்டு செசிலும் கூட்டமும், இலைக்கட்டை மடியில் வைத்தபடி கதிரையோடு தூக்கிச் செல்லப்பட்ட ஜிஸ்லேன், கடைசியில் அகப்பைகளைத் தோளில் சாத்திய லொறிக்காரன். வானுக்கும் லொறிக்கும் காவலாக ஐங்கரன் நின்றுவிட்டான். எல்லாச் சந்தியிலும் சிவப்பு விளக்கு விழுந்தது. எல்லாச் சந்தியிலும் லூசியன் எல்லாரையும் நிறுத்தினார். குணரத்தினம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார்.

ரயிலில் குழம்பு மணத்துக்கு ஒரு பெட்டி முழுக்கச் சனம் கூடி வந்தது. பொண்டியில் இறங்கி மண்டப வாசலுக்குப் போகும்போது ஒரு மணிக்கு இன்னும் சில நிமிடங்கள் இருந்தன. பிரசாந்தன் வாசலில் நின்றார். வானைத் தேடிய அவருடைய கண்ணுக்கு, ஒரே நிற மேலங்கியோடு அணிவகுத்து வந்த வெள்ளைக்கார வேலையாட்கள் இருபது பேர் தெரிந்தார்கள். அவருடைய முகம் மலர்ந்தது. சம்பந்தியைக் கூப்பிட்டுக் காட்டினார். குணா அண்ணை இப்ப பெரிய அளவிலை செய்யிறார் என்று சொன்னார். குணரத்தினம் மறுக்கவில்லை. ஒரு மணிக்கு இலை விழுந்தது. செசில் வலக்கையால் பரிமாறினாள்.

அடுத்த கிழமை பொலிஸ் நிலையத்துக்கு வரச்சொல்லிக் குணரத்தினத்துக்கு அழைப்பு வந்தது. தெருவில் இருந்தவர்கள்மேல் என்ன குற்றம் என்பது வழமையான விஷயம். பொதுத்தெருவில் அனுமதி இல்லாமல் இலை போட்டுப் பரிமாறி, பொலிஸ் நடவடிக்கையைத் தாமதப்படுத்தியது புதிதாக இருந்தபடியால், அவரைத்தான் தியரி நேரில் விசாரிக்க விரும்பினார். லூசியன் மொழிபெயர்க்க வந்தார். டை கட்டியிருந்தார்.

வாசலில் ஐங்கரன் காதோடு காதாகச் சொன்னான். "அண்ணை, பழையபடி தெரியாது எண்டு சொல்லிப்போட்டு வாங்கோ. விட்டுவிடுவான்."

தியரி சம்பிரதாயப்படி பெயர், வயது, தொழில் எல்லாம் கேட்டார். பிறகு தட்டச்சில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். தெருவில் அப்படிச் செய்வது சட்டப்படி குற்றம் என்பது உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டார்.

அந்தக் கேள்வி குணரத்தினத்துக்கு நன்றாகப் பழக்கமானது. பதிலும் நாக்கு நுனியில் நின்றது. வாயைத் திறந்தார். பக்கத்தில் லூசியன் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குணரத்தினத்துக்கு, லூசியனின் தோளில் தட்டிய அந்தக் கை ஞாபகம் வந்தது.

"தெரியும், முசியே" என்றார்.

மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை, அதைப் பிரெஞ்சிலேயே சொல்லியிருந்தார். ஆனாலும் லூசியன் இன்னொரு தரம் சொன்னார், கொஞ்சம் சத்தமாக. தெரிந்திருந்தும் ஏன் செய்தீர்கள் என்று தியரி கேட்டார். குணரத்தினம் தமிழில் சொன்னார்: "இருந்த சனத்தைச் சாப்பிடாமல் எழுப்ப எனக்கு மனம் வரேல்லை. இனியும் வராது. அதையும் எழுதுங்கோ."

தியரி எழுதினார். எழுதி முடித்துவிட்டு, எழுத்தில் சேராத ஒரு கேள்வியாக, அன்றைய பாயாசத்தில் போட்டிருந்தது என்ன என்று கேட்டார். தெரியாது, முசியே என்றார் குணரத்தினம். அது தொழில் ரகசியம்.

வெளியே வந்தபோது கைபேசி அடித்தது. செசில். அடுத்த மறியல் ஒரு சனிக்கிழமை என்றும், அவருடைய வான் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ள திகதியை முன்கூட்டியே சொல்வதாகவும் சொன்னாள். லூசியன் மொழிபெயர்த்தார். குணரத்தினம் நடந்தபடியே கேட்டார், நடைபாதையில் மரக்கறிப் பெட்டிகளை அவசர அவசரமாக உள்ளே இழுத்துக்கொண்டிருந்த கடைக்காரர்களைத் தாண்டி.

"எத்தினை பேர் இருப்பியளாம் எண்டு கேளும்."